வராதீங்க

கொழும்பில் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அப்பா அடுத்த பஸ்ஸிலேயே ஜெயபுரம் திரும்பினார். கச்சான் கடலை பிடுங்குகிற நேரம், வேலைக்கு ஆள் இல்லை. வாசலில் நின்ற காவலாளியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிங்களம் வராததால் அந்த ஆளுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"சாப்பாட்ட மட்டும் விட்டுறாத."

"ஓம் அப்பா."

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இடதுகை மிதவேகப் பந்துவீச்சு, ஆறாவது ஆளாகத் துடுப்பாட்டம். பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில் சகலதுறை ஆட்டக்காரி என்று போட்டிருந்தார்கள். அந்தப் பட்டியலை அம்மா எங்கள் வீட்டு அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார். கதவைத் திறக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். வெளியில் ஒட்டினால் கண்படும் என்று சொன்னார்.

அறையில் எனக்குத் துணையாகப் போட்டிருந்தது விக்கெட் காப்பாளரை. தெற்கில் கடலோரத்து ஊர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். தமிழிலும் சிங்களத்திலும் அக்கா என்றால் அக்காதான். அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. அதற்கு மேல் எங்களிடம் பத்துப் பதினைந்து சொற்கள்தான். சாப்பாடு, தண்ணி, நித்திரை, லைற்றை அணை. இரண்டு பேரும் இங்கிலீஷில் கதைக்க முயன்று பார்த்தோம். அவாவுக்கும் அது வராது, எனக்கும் வராது.

மைதானத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. ஓடுவதற்கு யெஸ், நிற்பதற்கு நோ, பார்த்து ஓடுவதற்கு வெயிட். மூன்று சொல் போதும். பந்து என் கையில் இருக்கும்போது யாரோடும் கதைக்கவும் தேவையில்லை. களத்துக்குள் இருந்த ஏழு மணித்தியாலமும் நான் மற்றவர்களைப் போல ஒருத்தி. வெளியே வந்து பஸ்ஸில் ஏறினதும் ஆளுக்காள் கதை தொடங்கிவிடும். நான் யன்னல் பக்கம் இருந்துகொள்வேன். யாரும் என்னை ஒதுக்கினார்கள் என்று சொன்னால் பொய். பாட்டுப் பாடும்போது தோளைத் தட்டிக் கூப்பிடுவார்கள். நான் கையைத் தட்டுவேன், பாட்டு எதைப் பற்றியது என்று தெரியாமல்.

நிருபர்கள் வந்தால் என்னிடம் யாழ்ப்பாணமா என்று கேட்பார்கள். இல்லை, கிளிநொச்சி என்பேன். கிளிநொச்சியில் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, நீங்கள் மலைநாட்டு ஆக்களோ என்று கேட்டார்கள். என் அப்பாவின் அப்பா தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். நாங்கள் வீட்டில் 'வாங்க, போங்க' என்போம். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் 'வாங்கோ, போங்கோ'. ஒரு தவணை முழுக்க என்னை 'வாங்க' என்று கேலி செய்தார்கள். அதற்குப் பிறகு வெளியில் நானும் 'வாங்கோ' என்று பழகிவிட்டேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தப் பேச்சையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவேன்.

முகாமுக்குப் போன அடுத்த வருடம் வெளிநாட்டுப் பயணத்துக்குத் தெரிவானேன். முதல் இரண்டு ஆட்டத்திலும் தண்ணீர்ப் போத்தல் தூக்கினேன். மூன்றாவதில் இடம் கிடைத்தது. பந்துவீச்சு பரவாயில்லை, ஒரு விக்கெட் எடுத்தேன். நாங்கள் துடுப்பெடுத்தாடும்போது நான் உள்ளே போகையில் மறுமுனையில் அக்கா நின்றா. நன்றாக அடித்துக்கொண்டிருந்தா. அவா நின்றால் வெற்றி எங்களுக்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

நான்காவது பந்தோ ஐந்தாவது பந்தோ, நான் தட்டிவிட்டு இரண்டு அடி வைத்தேன். அக்கா ஓடத் தொடங்கிவிட்டா. அதற்குள் எதிரணியில் ஒருத்தி பாய்ந்து பந்தை மறித்து எடுத்துவிட்டாள். நான் கையைத் தூக்கிக் கத்தினேன்:

"வராதீங்க! வராதீங்க!"

யெஸ், நோ, வெயிட் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. 'வராதேங்கோ' கூட வரவில்லை. வாயில் வந்தது எங்கள் வீட்டுப் பேச்சு. அக்கா நிற்கவில்லை. இன்னும் வேகமாக ஓடிவந்தா. என் பக்கத்தில் வந்து நின்று, நான் கோட்டுக்குள் அசையாமல் நிற்பதைப் பார்த்தா. மறுமுனையில் தடிகள் விழுந்தன. மட்டையை நிலத்தில் ஒரு தரம் குத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நடந்து போனா.

ஆட்டத்தில் தோற்றோம். பெரிய வித்தியாசமும் இல்லை.

யாரும் என்னை ஏசவில்லை. பயிற்றுநர் முதுகில் தட்டினார். பஸ்ஸில் அன்றைக்குப் பாட்டு இல்லை, அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏச்சுக்குப் பதில் சொல்லலாம். அறைக்கு வந்ததும் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டா. நான் கட்டிலில் இருந்தபடி அவாவிடம் சொல்லவேண்டியதைத் தமிழில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நான் நிற்கச் சொன்னேன், நீங்கள் ஏன் வந்தீர்கள்? அதை எப்படிச் சிங்களத்தில் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டால் பழியை அவா மேல் போடுவதுபோலவும் இருக்கும். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்தநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் அக்கா என் முன்னால் வந்து இருந்தா. போனை எடுத்து, மொழிபெயர்க்கிற செயலியில் சிங்களத்தில் ஏதோ எழுதி என் பக்கம் திருப்பினா. தமிழில் வந்திருந்தது: "நீ வா என்று சொன்னாய். பிறகு ஏன் நின்றாய்?"

நான் இல்லை இல்லை என்று தலையாட்டினேன். போனை வாங்கி, நான் சொன்ன சொல்லைத் தமிழில் எழுதிக் காட்டினேன். வராதீங்க. அதன் சிங்களத்தைப் படித்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டா. பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னா: "வ-ரென்." சிங்களத்தில் தோழிகளுக்குள் ஒருத்தியைக் கூப்பிட 'வரென்' என்பார்கள். வா என்று அர்த்தம். நான் கத்தியதில் அவாவின் காதில் விழுந்தது முதல் இரண்டு எழுத்துத்தான். நான் வராதே என்று எவ்வளவு பலமாகக் கத்தினேனோ, அவ்வளவு பலமாக வா என்று கேட்டிருக்கிறது.

அக்கா சிரித்தா. எழும்பிப் போய்ப் பக்கத்து மேசையில் சொன்னா. அவர்களும் சிரித்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் முழு அணிக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு 'வரென்' என்பதே பெயர். பந்து வீச வரும்போது, "வரென், வரென்!" என்று கத்துவார்கள். அன்பாகத்தான். அந்தப் பெயர் வந்த பிறகு பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தரமும் அதைக் கேட்கும்போது, பள்ளிக்கூடத்தில் 'வாங்க' என்று கூப்பிட்டது ஞாபகம் வரும். என் வாயில் வருகிற சொல்லே எங்கே போனாலும் எனக்குப் பட்டப்பெயராக வந்து விடுகிறதே என்று நினைப்பேன். அதைச் சொல்ல எனக்குச் சிங்களம் போதாது. சொல்லக்கூடிய அளவு சிங்களம் வந்தபோது, சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

அதற்கடுத்த பயணத்தில் ஒரு நாள் எல்லாம் எனக்குச் சரியாக வந்தது. பந்து இரண்டு பக்கமும் திரும்பியது. மூன்று விக்கெட் எடுத்தேன், கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்று வென்று கொடுத்தேன். ஆட்ட நாயகி என்று ஒரு கண்ணாடிக் கிண்ணம் தந்தார்கள். அறைக்கு வந்ததும் வீட்டுக்குப் போன் எடுத்தேன். அப்பாவின் போன் வேலை செய்யவில்லை. அம்மாவின் போன் பல தரம் அடித்துத்தான் எடுபட்டது.

"பாத்தீங்களாம்மா?"

"எங்க பாக்க? மத்தியானத்தில இருந்து கரண்ட் இல்ல. போன்லயும் வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது. வென்னீங்களா?"

"ஓம்."

"நல்லது. இங்க மழை வரப் பாக்குது, கச்சான் முற்றத்தில காயக் கிடக்கு. சாப்பிட்டியா?"

"ஓமம்மா."

"சரி, நான் போய் அள்ளுறன். ராவைக்கு எடு."

அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. நனைந்த கச்சான் பூஞ்சணம் பூத்துப் போகும், அது எனக்கும் தெரியும். அக்கா கீழே மற்றவர்களோடு இருந்தா. நான் கிண்ணத்தை மேசையில் வைத்தேன், பெட்டிக்குள் வைத்தேன், திரும்ப மேசையில் வைத்தேன். பிறகு உடுப்புத் தோய்த்தேன்.

முதுகு நோகத் தொடங்கியது அந்தப் பயணத்தின் முடிவில். கொழும்பில் படம் எடுத்துப் பார்த்த வைத்தியர், முள்ளந்தண்டின் அடியில் எலும்பில் வெடிப்பு என்றார். ஒரு வருடம் பந்து வீசக்கூடாது. நான் ஜெயபுரத்துக்கு வந்தேன்.

ஊரில் நான் யாரோடு விளையாடப் பழகினேனோ அவர்கள் யாரும் இப்போது விளையாடுவதில்லை. பள்ளிக்கூட அணியில் இருந்தவர்களில் பாதிப்பேர் கல்யாணம் முடித்துவிட்டார்கள். மூன்று பேர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள், விடியும் முன் பஸ். கண்டால் நின்று கதைப்பார்கள். "எப்ப திரும்பப் போறாய்?" என்பார்கள். "வைத்தியர் சொல்லோணும்" என்பேன். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கதை இருக்காது. அவர்களின் மேற்பார்வையாளரைப் பற்றி எனக்குத் தெரியாது. என் எலும்பைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது.

நான் ஊருக்கு வந்து ஏழாம் மாதம் அக்கா வந்தா. சொல்லாமல் அல்ல, சொல்லித்தான். இரண்டு பஸ் மாறி ஒரு பகல் முழுக்க வந்து, தோளில் பையோடு எங்கள் வேலிப் படலையடியில் நின்றா. அம்மா கோழி அடித்தார். குசினியில் பலகைக்கட்டையில் இருந்து அக்கா வெங்காயம் உரித்தா. அப்பாவும் அம்மாவும் சித்தியும் மாறி மாறிக் கதைத்துச் சிரித்தார்கள். நான் ஒன்றை மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் கதை நாலு தாண்டிவிடும். ஒரு கட்டத்தில் நானும் அவர்களோடு கதையில் இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா கையில் உரித்த வெங்காயத்தோடு எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தா. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். விளங்காதவர்கள் முகத்தில் வைத்துக்கொள்கிற சிரிப்பு.

கிணற்றடியில் கை கழுவும்போது அவா சிங்களத்தில் கேட்டா: "இரண்டு வருடமும் உனக்கு இப்படித்தான் இருந்ததா?"

"ஓம்" என்றேன்.

அக்கா கப்பியில் இன்னொரு வாளி தண்ணீர் இழுத்து என் கையில் ஊற்றினா. இரண்டாம் நாள் காலை போய்விட்டா. பஸ் போன பிறகு, அவா வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அதற்கு முன் வீடு இவ்வளவு வெறுமையாக இருக்கவில்லை.

வருடம் முடிந்து திரும்ப அணிக்குப் போனேன். துடுப்பாட்டம் மட்டும்; பந்து வீச வைத்தியர் இன்னும் விடவில்லை. பந்து வீசாத சகலதுறை ஆட்டக்காரிக்கு அணியில் இடம் குறைவு. நான்கு ஆட்டம் தந்தார்கள். ஒன்றிலும் பெரிதாக அடிக்கவில்லை. இந்த வருடப் பட்டியலில் என் பெயர் இல்லை. தெரிவுக்குழுவில் ஒருவர் மரியாதையாக போனில் சொன்னார்: "முழு ஓவர்களும் போடக்கூடிய நிலைக்கு வாங்கோ, பார்ப்போம்." தமிழில் சொன்னார். யாரிடமோ கேட்டுப் பழகியிருக்கவேண்டும்.

இப்போது எனக்கு இருபத்துமூன்று. காலையில் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகிறேன். நாலு பந்து வைத்திருக்கிறேன். ஒரு தடியை நட்டுவிட்டு நாலையும் வீசுவேன். பிறகு அந்தப் பக்கம் நடந்துபோய்ப் பொறுக்கிக்கொண்டு வருவேன். துடுப்போடு முன்னால் நிற்க ஆள் இல்லை, பிடிக்க ஆள் இல்லை. விழுந்த இடத்தில் மண் தெறிப்பதை வைத்து நல்ல பந்தா என்று நானே சொல்லிக்கொள்ளவேண்டும். வயலுக்குப் போகிறவர்கள் சைக்கிளில் இருந்தபடி ஒருகணம் பார்த்துவிட்டுப் போவார்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஆறு ஓவர் முழு ஓட்டத்தோடு போட்டேன். நோகவில்லை. நிமிர்ந்து, குனிந்து, திரும்பிப் பார்த்தேன். நோகவில்லை. யாருக்காவது சொல்லவேண்டும்போல இருந்தது. அம்மா களை பிடுங்கப் போயிருந்தார். அக்காவுக்கு எழுதினேன். அவா அணியோடு வேறொரு நாட்டில், வேறொருத்தியோடு ஒரே அறையில். அன்றைக்கு அவர்களுக்கு ஆட்டம். பதில் வரவில்லை. புதன்கிழமை காலை போய் ஏழு ஓவர் போட்டேன்.