கமலைத் தாளத்தில் ஒரு சாட்சி

செய்யாத குற்றத்துக்காக என் சித்தப்பா ஆறு மாதம் ஜெயிலில் இருந்தார். அவரை அங்கே அனுப்பியவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டுக் கெங்குவார்பட்டிக்குத் திரும்பியிருந்தேன். எங்கள் கிணறு இரண்டு குடும்பங்களுக்கும் பொது. ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் சித்தப்பா முறை. மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையின் வடம் தேய்ந்துவிட்டது, மாற்று என்று அப்பா சொல்லியிருந்தார். நான் மாற்றவில்லை. மாடுகள் தண்ணீர் நிரம்பிய சால் என்னும் தோல்வாளியை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும்போது வடம் அறுந்தது. அதன்மேல் உட்கார்ந்து மாடு ஓட்டிய எங்கள் பண்ணையாள் எகிறி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டார். ஒரு மாட்டுக்குக் கால் ஒடிந்தது. அப்பாவுக்குப் பயந்து, சித்தப்பாதான் வடத்தை அரிவாளால் கீறி வைத்தார் என்றேன். முறைத் தகராறு ஏற்கெனவே இருந்ததால் எல்லோரும் நம்பினார்கள்.

வழக்குக்குச் சாட்சி வேண்டும். பண்ணையாளுக்கோ அன்றைய காலை முழுவதும் நினைவிலிருந்து போய்விட்டது. நான் சொல்லிக்கொடுத்ததும் ஒட்டவில்லை. ஆனால் மறுபடி கமலை ஓட்டத் தொடங்கியபோது கவனித்தேன்: எத்தனை சால் இறைத்தோம் என்பதை மாட்டின் நடைக்குப் பாடியே எண்ணினார், ஒன்றுகூடத் தப்பவில்லை. சாட்சியத்தையும் அந்த நடையில் வைத்தேன். மாடு சரிவில் இறங்கும்போது ஒரு வரி, பின்னேறும்போது ஒரு வரி.

"விடியமுன்ன வந்தாக... அரிவாளோட வந்தாக... வடத்தக் குனிஞ்சு கீறுனாக..."

மூன்றே நாளில் பிடித்துக்கொண்டார்.

உச்சிவேளையில் அவர் பூவரச நிழலில் தூங்குவார். பக்கத்தில் உட்கார்ந்து, தொட்டிக் கல்லில் கூழாங்கல்லால் அதே தாளத்தைத் தட்டினேன். மூடிய இமைக்குள் விழிகள் ஓடின. உதடுகள் சத்தமில்லாமல் அந்த வரிகளைச் சொல்லின. கால் பெருவிரல் தாளத்துக்கு அசைந்தது. தட்டுவதை நிறுத்தினேன். பெருவிரல் நிற்கவில்லை.

வெகுகாலம் கழித்துப் படித்தேன். மூளையின் நரம்பணுக்கள் கூட்டமாக, அலைபோல ஏறி இறங்கித் துடிக்கின்றனவாம். அலை ஏறும் கணத்தில் வந்து சேரும் சேதி அணுக்களுக்கு இடையிலான இணைப்பை வலுவாக்கும். இறங்கும்போது வந்தால் அதே இணைப்பு தளரும். பகலில் கற்றதைத் தூக்கத்தின் அலைகள் மறுபடி ஓட்டிப் பதிய வைக்கும். என் கூழாங்கல் அந்த அலைகளைத் தொட்டதா என்று சொல்ல எனக்கு அறிவு போதாது. பதிந்தது என்பது மட்டும் தெரியும்.

கோர்ட்டில் அவர் பிசகாமல் சாட்சி சொல்லி, சித்தப்பா ஜெயிலுக்குப் போன இரண்டாம் வாரம், சித்தி தனியாக நின்று மாடு ஓட்டுவதைப் பார்த்தேன். பொறுக்கவில்லை. உண்மையை எழுதி மனுக் கொடுத்தேன். மாஜிஸ்திரேட் என்னையும் பண்ணையாளையும் கூப்பிட்டார்.

"நான் சொல்லிக்கொடுத்ததுதானே அண்ணே?" என்றேன்.

"ஏன் தம்பி, பி.ஏ. படிப்புல கண்ணால பாத்தத இல்லேன்னு சொல்லத்தான் சொல்லித் தர்றாகளா? அரிவாப் பிடியில செவப்புத் துணி சுத்தியிருந்துச்சு. மழை தூறிக்கிட்டிருந்துச்சு. அதையும் நீங்களா சொல்லிக்குடுத்தீக?"

கோர்ட்டில் சிரித்தார்கள். துணியையும் தூறலையும் நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. சித்தப்பாவைக் காப்பாற்றப் புளுகுகிறேன் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

அப்பா இறந்தபின் கிணற்றில் என் முறையைச் சித்தப்பாவுக்கே எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நாற்பதுகளில் அங்கே ஆயில் எஞ்சின் வைத்தார். அது ஓடத் தொடங்கிய அன்று, வேடிக்கை பார்க்க வந்த பழைய பண்ணையாள் அதன் துடிப்புக்கு ஏற்பப் பாடத் தொடங்கினார்: "விடியமுன்ன வந்தாக..." அப்புறம் தினமும் வந்து உட்கார்ந்தார். விரட்டட்டுமா என்று கேட்டேன்.

"கெழவன் கத்திட்டுப் போறான், விடுலே," என்றார் சித்தப்பா.

சில மாதங்கள் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏலே, அந்தப் பிடியில இருந்த துணி செவப்பா, பச்சையா?"

"துணியே இல்ல சித்தப்பா. நீங்க அங்கன வரவே இல்ல. வடம் தானா அத்துச்சு."

"அப்படித்தான் நானும் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்தார். வலது கை எதையோ இறுகப் பிடித்து, காற்றை மெல்லக் கீறியது. ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தேன். அவருடைய கால் பெருவிரல் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.