லீத் பெண் கேட்கப் போன கதை

துமகெட்டே என்ற எங்கள் கடலோர ஊரில் என் சாப்பாட்டுக் கடைக்கு லீத் வந்த முதல் நாளே, மீன் தலையைப் பார்த்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பயந்த மனிதர். ஆஸ்திரேலியாவில் ஆட்டு ரோமம் கத்தரித்துப் பிழைத்தவர், ஐம்பது தாண்டியபின் துணை தேடி இங்கே வந்திருந்தார். அப்படி வந்தவர்கள் என் கடையில் ஒரு கூட்டமே உண்டு.

முன்பெல்லாம் எல்லோருக்கும் ஒரே மேசை. கோர்டன் என்பவன் கெடுத்தான். தங்கள் ஊர்ப் பெண்களுக்குத் திமிர், இங்குள்ளவர்கள் சொன்னபடி கேட்பார்கள் என்று வீடியோவில் பேசிவிட்டான். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியைக் கட்டி வெகுகாலமாக இங்கேயே வாழும் டெஸ்மண்ட், உன்னால் எங்கள் எல்லோர் முகத்திலும் கரி என்று கத்தினார். அன்றிலிருந்து இரண்டு மேசை, நடுவில் என் மின்விசிறி. அதை எந்தப் பக்கம் திருப்புவது என்றும் சண்டை. சண்டையெல்லாம் எங்களைப் பற்றி, ஆனால் எங்களில் ஒருத்தியையும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லீத் விரும்பியது அனலினை. எதிரே தெரியும் சிகிஹோர் தீவில் தையல்காரி. எங்கள் வழக்கப்படி பெண் கேட்க மாப்பிள்ளை தனியாகப் போகக்கூடாது, சொந்தபந்தம் கூட வர வேண்டும். சொந்தமில்லாத லீத் இரண்டு மேசையிலும் கெஞ்சினார். கோர்டன் வருகிறான் என்பதற்காகவே டெஸ்மண்டும் வந்தார். நானும் போனேன்.

படகில் லீத் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, இவங்க அங்க வாயத் தொறந்தா என் கதை முடிஞ்சுது."

அனலினின் அப்பா சுற்றி வளைக்கவில்லை. "ஏன், உங்க ஊர்ல பொண்ணே கெடைக்கலையா?"

கோர்டன் ஆரம்பித்தான். டெஸ்மண்ட் குறுக்கே பாய்ந்தார். இருவரும் எழுந்து நிற்க, அம்மா மகளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"ஒருத்தி கெடைச்சாய்யா," என்றார் லீத். "கோவம் வந்தா அவள உள்ள வெச்சு கதவப் பூட்டிடுவேன். ஒரு நாள் போயிட்டா. தப்பு என்னுதுதான். திரும்ப அப்படி ஆயிடுவேனோன்னு என்னக் கண்டே எனக்குப் பயம்."

கோர்டன் உட்கார்ந்துவிட்டான். அனலின் அம்மாவின் கையை விலக்கி முன்னால் வந்தாள்.

"நான் போணும்னு நெனச்சா?"

"கதவு தொறந்திருக்கும்."

அப்பா அன்று சரி சொல்லவில்லை. மாதக்கணக்கில் இழுத்தடித்துத்தான் சம்மதித்தார்.

கல்யாணமாகி வருடங்கள் ஓடிவிட்டன. அனலின் வாராவாரம் அம்மா வீட்டுக்குப் படகேறுகிறாள். லீத் பையைத் தூக்கிக்கொண்டு துறை வரை போவார், எப்போது வருவாய் என்று மட்டும் கேட்கமாட்டார். திரும்பும் படகு வருமுன்பே போய் நின்று, இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். இத்தனை வருஷமாக வருகிறவள்தானே, இன்னும் என்ன பயம் என்று ஒரு முறை கேட்டேன்.

"கதவப் பூட்டலயே அக்கா," என்றார். "பயம் இருக்கத்தான் செய்யும்."