பெத்தணனின் விடியற்காலைகள்

பெத்தணனுக்குக் கண் திறப்பதற்கு முன்பே பயம் வந்துவிடும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். வெளியே இன்னும் முழுதாக வெளுத்திருக்காது. கை தானாகச் செல்போனைத் தேடும். எங்கேயாவது பட்டாசு ஆலை வெடித்திருக்கிறதா என்று வாட்ஸ்அப்பில் குழுக் குழுவாகப் பார்ப்பார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் படபடப்பு அடங்காது.

சாத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊர் அவருக்கு. பட்டாசு ஆலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் கம்பெனி வேனைப் பல வருடங்கள் ஓட்டியவர். போன சீசனில் ஒரு காலை, எல்லோரையும் ஆலை வாசலில் இறக்கிவிட்டு சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. கையிலிருந்த டம்ளர் அதிர்ந்தது. அவர் வேனில் போன மூன்று பேர் அன்று வீடு திரும்பவில்லை. அவர்களில் ஒருத்தி ரோஜா, அவர் தெருப் பெண்.

மறுநாளே வேன் சாவியைக் கொடுத்துவிட்டார். இப்போது அச்சகங்களுக்குப் பேப்பர் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி சோலையம்மாள் மகளின் பிரசவத்துக்குத் திருப்பூர் போனவள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டாள். பொழுது சாய்ந்ததும் போன் செய்வாள்.

"ஏங்க, சாப்பிட்டீகளா?"

"ஆச்சு."

அதோடு போனை வைத்துவிடுவார்.

நெஞ்சுவலி என்று நினைத்து ஈசிஜி எடுத்தார். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். விருதுநகர் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். யார் கண்ணிலும் படாமல் போய் வரிசையில் நின்றார். மருத்துவர் இளம் பெண். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"முழிச்சதும் செல்லை எடுக்காதீங்கண்ணே. பயம் வந்தா வரட்டும், விரட்டாதீங்க. அது ஏறும், அப்புறம் தானா இறங்கும். காலைத் தரையில ஊனி உக்காந்து, மூச்சை மெதுவா வெளிய விடுங்க. எங்க இருக்கீங்கன்னு வாய்விட்டுச் சொல்லுங்க."

மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் அப்படியே செய்தார். "நான் பெத்தணன். இது என் வீடு" என்றார். அந்த நேரத்தில் அந்த வீட்டில் ஒரு குரல் கேட்டே சில மாதங்கள் ஆகியிருந்தன. தன் குரலைக் கேட்டு அவருக்கே அழுகை வந்தது.

சில வாரங்கள் இப்படிப் போயின. ஒரு நாள் வாயைத் திறந்தபோது சொல்ல நினைத்தது வரவில்லை. "ஏத்தா ரோஜா, ஓடியா, ஓடியா" என்று வந்தது. ஆலை வெடித்த அன்று காலை அவள் நேரம் கழித்து வந்தாள். தெருமுனை தாண்டிவிட்ட வேனை அவளுக்காக நிறுத்தி, அவர் கூப்பிட்ட வார்த்தைகள் அவை. நிறுத்தாமல் போயிருக்கலாம்.

அன்று லோடு ஏற்றப் போகவில்லை. ரோஜாவின் அம்மா மாடத்தி வீட்டு வாசலில் போய் நின்றார். துக்கத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை.

"அக்கா, விடிஞ்சா அந்த நெனப்புலதான் பதறி முழிக்கிறேன். அன்னைக்கு நான் வண்டிய நிறுத்தாமப் போயிருக்கணும்."

மாடத்தி வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தாள்.

"உன்னைய வையணும்னுதேன் இருந்தேன் தம்பி. நேர்ல பாத்தா வாய் வரல. எனக்கும் விடிஞ்சா அப்படித்தேன், அவ கெளம்பிட்டாளான்னு பாயைத் தடவுறேன்." அப்புறம் கேட்டாள். "அன்னைக்கு எங்கூடச் சண்டை போட்டுட்டுச் சாப்பிடாமப் போனா. வேன்ல அழுதாளா?"

"அழுகலக்கா. ஓடி வந்து ஏறுனதும் மூச்சு வாங்கிச் சிரிச்சுச்சு. பக்கத்துல இருந்த பிள்ள தூக்குவாளியத் திறந்து இட்லி குடுத்துச்சு. கண்ணாடியில பாத்தேன். இறங்குற வரைக்கும் தின்னுக்கிட்டேதான் வந்துச்சு."

"பசியோட போகலயே?"

"இல்லக்கா."

மாடத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள். பெத்தணன் போகாமல் நின்றார். அழுது முடித்தவள் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவரை அவள் மன்னித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அன்று மாலை சோலையம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"இம்புட்டு நாளா ஏன் சொல்லல?" என்று அவள் குரல் உடைந்தது. "பிள்ளைக்குத் தலை நிக்கட்டும், வந்துருதேன். அதுவரைக்கும் முழிச்சதும் எனக்குப் போன் போடுங்க."

"பிள்ள முழிச்சுக்கிரும்."

"முழிச்சா முழிக்கட்டும்."

பயம் போய்விடவில்லை. மறுநாளும் வந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சோலையம்மாளுக்குப் போன் போட்டு, அவள் பேசுவதைக் கேட்டபடி, பயம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். சில நாட்களில் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. சில நாட்களில் சிவகாசி ரோட்டில் பாதி தூரம் வரை கூடவே வருகிறது. அந்த நாட்களில் ஆட்டோவை ஓரம்கட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மறுபடி கிளப்புகிறார்.