சிசிலியின் வலது தோள்

சிசிலிக்கு வலி வருவதெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மாட்டிறைச்சி வறுவலோடு சோறு தின்றால், வலது விலாவுக்குக் கீழே ஏதோ பிடித்துத் திருகும். பிறகு மெல்ல மேலே ஏறி வலது தோளில் வந்து உட்காரும். ஒரு கை வைத்த கனம்.

அது யாருடைய கை என்று அவளுக்குத் தெரியும்.

தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள் சிசிலி. புருசன் பாஸ்கலுக்கு அங்கேயே ஃபேக்டரியில் வேலை. முழங்கால் தேய்ந்துபோனதால், சரிவில் இறங்கும்போது அவள் வலது தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். ஒரு மழைக்காலத்தில் அவருக்கு வயிற்றுவலி வந்தது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் வெறும் வாயு, கேஸ் என்று சொல்லி இளஞ்சிவப்பு மருந்து கொடுத்தார்கள். வலி போவதும் வருவதுமாக இருந்தது. திடீரென்று ஒருநாள் குளிரில் உடம்பு தூக்கிப் போட்டது, கண் மஞ்சளித்தது. ஜீப்பில் மலை இறங்கும்போதே, சிசிலியின் மடியில் அவர் மூச்சு நின்றது.

அடுத்த வருசமே அவளுக்கும் அதே வலி. அவள் பயப்படவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து பேசுவாள்.

"வந்துட்டீகளா? இன்னிக்கி என்ன இம்புட்டு இறுக்கிப் புடிக்கிறீக?"

பக்கத்து வீட்டு ராசம்மாள் சுவர் வழியே கேட்டுக்கொண்டிருந்தவள், ஒருநாள் நேரிலேயே கேட்டாள். "யாருகூட பேசுற சிசிலி?"

"எங்க வீட்டுக்காரருகூடத்தான்."

அதற்குப் பிறகு ராசம்மாள் பொழுது சாய்ந்தால் அந்த வாசலை மிதிப்பதில்லை.

சில வாரங்களில் அவர் வராமலே இருந்துவிடுவார். அப்போது சிசிலி இறைச்சி வாங்கி, தேங்காயெண்ணெய் கூடுதலாக விட்டு வறுப்பாள். தின்றால் வருவார் என்பது அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

மகள் டின்சி, புருசன் ஜிதினோடு மலைக்குக் கீழே சமவெளியில், எலப்புள்ளியில் இருந்தாள். அவர்கள் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போன இடத்தில் சிசிலி பிரியாணி சாப்பிட்டாள். மத்தியானம் வந்த வலி இந்த முறை விடவேயில்லை. வாந்தி எடுத்தாள். உடம்பு கொதித்தது.

"ஒங்கப்பா கூட்டிட்டுப் போக வந்திருக்காரு. என்னைய விட்டுரு டின்சி."

டின்சி அழுதுகொண்டே ஆட்டோவில் ஏற்றி, பக்கத்து ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டிக்குக் கொண்டுபோனாள். அங்கே இருந்தவர் ஆர்த்தி, சின்ன வயசு டாக்டர்.

"எங்கீங்கம்மா நோவுது?"

"தோள்ல கை வச்சிருக்காரு."

டாக்டர் டின்சியைப் பார்த்தார். "எங்கப்பாவச் சொல்றாங்க. அவரு செத்துட்டாரு டாக்டர்," என்றாள் அவள்.

ஆர்த்தி சிரிக்கவில்லை. மூலையில் நின்ற ஸ்கேன் மெஷினைக் கட்டிலருகே உருட்டி வந்தார். குளிர்ந்த பசையைத் தடவி, கைக்கடக்கமான கருவியை விலாவுக்குக் கீழே அமுக்கினார்.

"மூச்ச நல்லா இழுங்கம்மா."

பாதி மூச்சிலேயே சிசிலி அலறிவிட்டாள். டாக்டர் கையைத் தளர்த்தி, திரையை அவள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாய் ஒரு பை. அதற்குள் வெள்ளைக் கட்டிகள். ஒவ்வொன்றின் பின்னாலும் இருட்டாக ஒரு நிழல் நீண்டு கிடந்தது. இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொன்னதும் கட்டிகள் உருண்டன.

"பித்தப்பைல கல்லுங்கம்மா. பை வீங்கிச் சுத்தியும் தண்ணி கோத்திருக்குது."

"அப்ப தோளு?"

"பித்தப்பை கெட்டா வலத்தோள்லயும் நோவு தெரியுமுங்க."

சிசிலி அந்த நிழல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பாஸ்கலுக்கு இருந்த வலியையும் குளிரையும் மஞ்சள் கண்ணையும் சொன்னாள். "அவருக்கும் இதுதானா?"

"பாக்காம உறுதியாச் சொல்ல முடியாதுங்க. இருந்திருக்கலாம்."

"இத வச்சுப் பாத்திருந்தா?"

ஆர்த்தி பசையைத் துடைத்துவிட்டார். "தெரிஞ்சிருக்குமுங்க," என்றார்.

ஊசி மருந்தில் காய்ச்சல் அடங்கிய பிறகு ஆபரேஷன் நடந்தது. உடம்பு தேறி சிசிலி மலைக்குத் திரும்பினாள். முதல் ஞாயிற்றுக்கிழமையே இறைச்சி வறுத்துத் தின்றுவிட்டு, கதவைச் சாத்திக் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

"கல்ல எடுத்தவுக அவரையும் சேத்து எடுத்துட்டாக," என்றாள் ராசம்மாளிடம்.

இப்போது வேறொன்று வரத் தொடங்கியது. பட்டப்பகலில், செடிகளுக்கு நடுவே நிற்கும்போது. மடியில் கிடந்த முகம் வரும். 'கேஸுதான், கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க' என்று ஜீப்பில் அவரிடம் சொன்ன தன் குரலே காதுக்குப் பக்கத்தில் கேட்கும். கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவாள்.

மழை பிடிப்பதற்குள் வேலையை விட்டாள். துணிமணியோடு எலப்புள்ளியில் வந்து இறங்கியவளிடம் டின்சி கேட்டாள், "ஏம்மா, அங்கதான் இருப்பேன்னு அடம் புடிச்சியே?"

"அங்க நான் தனியா இருக்கேன் டின்சி. முந்தி அப்பிடி இல்ல."