முதல் உயிருக்கு நான் வரைந்த மீசை

உலகத்தில் முதல் தாளை மட்டும் வேறு யாரோ எழுதினார்கள். மிச்சமுள்ள அத்தனை தாள்களையும் பெற்றெடுத்தது எங்கள் அத்தைதான். அப்பாவின் தங்கை. பள்ளிக்கு எதிரே, கட்டில் அகலத்தில் ஜெராக்ஸ் கடை. பதினாறு வருடமாக ஒரே மெஷின். மூடியை இறக்குவார், பச்சை வெளிச்சம் ஓடும், சுடச்சுட ஒரு குட்டி வந்து விழும். கிழிந்த சான்றிதழைக்கூட அடிபட்ட குழந்தையைப் போல நீவித்தான் கண்ணாடியில் வைப்பார்.

போன வாரம் உயிரியல் சார் ஒரு படம் கொடுத்தார். பரிணாம மரம். கிளை நுனிகளில் மீன், தவளை, குரங்கு, மனிதன். அடியில் வெறும் வட்டம், உள்ளே கேள்விக்குறி. “இருக்கிற உயிர் எப்படி மாறிக்கிட்டே வந்துச்சுன்னு இந்த மரம் சொல்லும். முதல் உயிர் எப்படி வந்துச்சுங்கிறது வேற கேள்வி. அதை இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க” என்றார். அத்தை எங்கள் வகுப்புக்கு நகல் எடுத்துக் கொடுத்தார்.

காலி வட்டத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? சாரின் வழுக்கை, கண்ணாடி, மீசை எல்லாம் அதில் அச்சு அசலாக வந்துவிட்டன. அந்தத் தாளை வகுப்பு லீடரின் ஃபைலில் செருகிவிட்டு அவனுடையதை எடுத்துக்கொண்டேன். அவன் பார்க்காமலே அதை அத்தையிடம் கொடுத்துப் பக்கத்து வகுப்புக்கு நாற்பது நகல் எடுத்துவிட்டான்.

நேற்று மாலை சார் கடைக்கே வந்துவிட்டார்.

“பசங்க முன்னாடி என் மானத்தை வாங்கிட்டீங்களேம்மா! எதைக் குடுத்தாலும் பாக்காம அடிச்சுத் தள்ளுவீங்களா? பரீட்சைத் தாளை இனிமே உங்களை நம்பி எப்படித் தர்றது?”

பரீட்சை வேலை போனால் அத்தைக்குக் கடையே இல்லை.

“பாக்காதது என் தப்புதான் சார். மன்னிச்சிடுங்க.” கை கூப்பினார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து, செல்போனில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். வாயைத் திறந்திருக்கலாம்.

சார் வீசிவிட்டுப் போன தாளை அத்தை எடுத்து, எங்கள் வகுப்பு நகல் ஒன்றின் பக்கத்தில் வைத்தார்.

“மெஷின்ல ஏதாவது கோளாறா அத்தை?”

“மெஷின் மீசையெல்லாம் வரையாது மருமகனே. இங்க பாரு, மூலையில கரும்புள்ளி. கண்ணாடியில இருக்கிற கீறல், ஒவ்வொரு தடவை நகல் எடுக்கும்போதும் ஒண்ணு விழும். உங்க வகுப்புத் தாள்ல ஒண்ணு. மீசைத் தாள்ல ரெண்டு. அப்ப இது நகலோட நகல். குறுக்க ஓடுற இந்தக் கோடு மடிப்பு. அன்னிக்கு மெஷின்ல கசங்கினது ஒரே ஒரு தாள்தான்.”

வீட்டுப் பிள்ளைதானே என்று அந்தக் கசங்கியதை எனக்குத்தான் கொடுத்திருந்தார்.

“முதல் தாள் எங்கேருந்து வந்துச்சுன்னு உங்க சாரைத்தான் கேக்கணும். மீசை எதுல முளைச்சுதுன்னு எனக்குத் தெரியும்.” குரல் கொஞ்சமும் உயரவில்லை. “சார் இன்னும் பஸ் ஸ்டாப்லதான் நிக்கிறாரு. பையைத் திற. உன் தாளை எடு.”

எடுத்தேன். அதில் ஒரு சுருக்கம்கூட இல்லை.