புதுச் சப்பாத்து

எனக்கு ஆங்கிலம் தெரியுமா என்று இத்தாலியின் பலேர்மோவில் யாரும் கேட்டதில்லை. வீடு கூட்டத் தெரியுமா, உடுப்பை அழுத்தி மினுக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள் என்று நானே வலியச் சொன்னபோது, நான் வேலை செய்த வீட்டின் எசமானியம்மா, சின்யோரா, "நல்லது" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை நீட்டினார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த ஆங்கிலத்துக்கு வேலை வந்தது.

துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக்கு ஓர் அமெரிக்கக் கிழவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். உலகப் போரில் வட ஆப்பிரிக்காவிலிருந்து பறந்துவந்து இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்ட கனரக விமான அணியில் இருந்தவர். மிஞ்சியிருந்த தோழர்களுக்காக அணியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கீழே இருந்த ஒருவரையாவது பார்க்க வேண்டும் என்று பங்குத்தந்தையிடம் கேட்க, அவர் சின்யோராவைக் கைகாட்டிவிட்டார். சின்யோராவின் தங்கை அந்தக் குண்டுவீச்சில்தான் செத்தாள்.

"ஏப்ரனைக் கழட்டு. இண்டைக்கு நீ என்ரை பக்கத்திலை இரு" என்றார் சின்யோரா. அவர் பேசியது இத்தாலியன், வந்தவர் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்ததெல்லாம் எங்கள் தமிழில்தான் நினைவிருக்கிறது. அந்த மேசையில் நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன், கொஞ்சம் அதிகமாகவே.

கிழவர் தட்டச்சுத் தாள்களை எடுத்து வாசித்தார். "இலக்கு தாக்கப்பட்டது, அன்று எங்கள் விமானங்கள் எல்லாம் திரும்பி வந்தன." கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தார். மற்ற நாட்களில் திரும்பாதவர்களை நினைத்திருப்பார். அவருடைய பெருமை பொய்யில்லை. அதனால்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது. கீழே செத்தவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

"என்ரை தங்கச்சி காலுக்கு வாங்கின புதுச் சப்பாத்தை எடுக்க வீட்டுக்குத் திரும்பி ஓடினவள். அதையும் எழுதச் சொல்லு" என்றார் சின்யோரா. ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

கிழவர் தாள்களை அடுக்கினார். "இது எங்கடை அணியின்ரை புத்தகம். மேலையிருந்து கண்டதைத்தான் எழுதலாம்."

சின்யோராவின் முகம் சுருங்கிவிட்டது. அந்தச் சப்பாத்தைப் பற்றி அவர் என்னிடம்கூட வாய் திறந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் கூரையை உரசுவதுபோலத் தாழப் பறந்தது. "பொம்பர்! குனியுங்கோ!" என்று தமிழில் கத்திக்கொண்டு மேசைக்கு அடியில் பாய்ந்தேன். ஊரில் குண்டு போடும் பொம்பருக்குப் பயந்து பதுங்குகுழிப் பங்கருக்குள் பாய்ந்து பழகிய உடம்பு அது. சின்யோராவை இழுக்கக் கை நீட்டினால், அவர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. நானும் அப்படியேதான் இருந்தேன். வாயைத் திறந்துகொண்டால் செவிப்பறை வெடிக்காது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அவருடைய ஊரிலும் சொல்லியிருப்பார்கள்.

மேசை விரிப்புக்குக் கீழே கிழவரின் கால்கள் தெரிந்தன. அவை அசையவே இல்லை.

சத்தம் போய்விட்டது. வெட்கத்தோடு எழும்பப் போனேன். சின்யோரா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "மேலையிருந்து காணேல்லை எண்டால், இஞ்சை வந்திருந்து எழுதச் சொல்லு."

வகுப்பறைக் குரலிலேயே அதைச் சொன்னேன். கிழவர் இருந்த கதிரை பின்னால் நகர்ந்தது. மடங்க மறுத்த முழங்கால்களோடு முனகிக்கொண்டு கிழவர் விரிப்பைத் தூக்கி உள்ளே வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சொல்லுங்கோ" என்றார்.

அடுத்த வருடம் புத்தகம் தபாலில் வந்தது. விமானங்கள் எல்லாம் திரும்பி வந்தன என்ற வரிக்குக் கீழே, புதுச் சப்பாத்தை எடுக்கப் போன சிறுமி திரும்பி வரவில்லை என்று இருந்தது. நான் சொன்ன ஆங்கிலம், சொல் மாறாமல் அச்சொட்டாக. பெருமையோடு அந்த வரியில் விரலை வைத்தேன். சின்யோராவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் முதலில் ஆங்கிலத்திலேயே கேட்க வேண்டும் என்றார். வாசித்தேன்.

"சப்பாத்து வாற இடத்தை இன்னொருக்கா வாசி."

எழும்பி நின்று வாசித்தேன்.