கழுவி வைத்த பாட்டில்

நாட்டுக்கு அரசியல் சட்டம் வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நான் வேலூர் கோர்ட்டில் கறுப்புக் கோட்டுப் போட ஆரம்பித்தும் சில வருடங்கள்தான். எந்த வழக்கை எடுத்தாலும் அதில் அடிப்படை உரிமையை நுழைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. போதாக்குறைக்கு வாய் வேறு நீளம்.

அந்தச் சமயத்தில் ஆம்பூரிலிருந்து ஒரு தம்பதி என்னைத் தேடி வந்தார்கள். கணவர் தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழி வேலை செய்பவர். அவர்களுடைய நான்கு வயது மகளுக்கு இருமல் என்று கடைத்தெரு மருந்துக் கடையில் மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் குழந்தைக்குச் சிறுநீர் நின்றுபோனது. வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தும் பிழைக்கவில்லை. மருந்தின் மேல்தான் சந்தேகம், மிச்சம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்று அங்கே டாக்டர் கேட்டிருக்கிறார்.

மிச்சம் இல்லை. அந்தக் காலத்தில் இருமல் மருந்துக்கு நாம்தான் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோக வேண்டும். கடைக்காரர் பெரிய ஜாடியிலிருந்து ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்டக் காகிதத்தை வெட்டிப் பாட்டிலில் ஒட்டித் தருவார். பாட்டிலில் பிசுக்கு இருந்தால் நாலு பேர் எதிரில் திட்டித் திருப்பி அனுப்புவார்.

“இருமல் நிக்கல சார். இன்னொரு தபா வாங்கலாம்னு சாம்பல் போட்டு, வெந்நீர் ஊத்தி நல்லா கழுவிட்டேன்,” என்றாள் அந்த அம்மா.

சோதிக்க வந்த அதிகாரிக்குக் கடையில் கிடைத்தது புது ஜாடி. அதில் ஒரு குறையும் இல்லை என்று அறிக்கை வந்தது. கடைக்காரர் மீதும் மருந்து தயாரித்த கம்பெனி மீதும் நஷ்டஈட்டு வழக்குப் போட்டேன். மருந்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டதற்கு, அது தொழில் ரகசியம் என்று கம்பெனி பதில் எழுதியது. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில், குழந்தையின் உயிர் வாழும் உரிமையை இவர்கள் பறித்தார்கள் என்று அரசியல் சட்டத்தை இழுத்து நீளமாக வாதாடினேன்.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “அந்த உரிமையை அரசாங்கத்திடம்தான் கேட்கலாம். மருந்துக் கடை எப்போது அரசாங்கமானது?” என்றார். கோர்ட்டே சிரித்தது. மருந்தில் கோளாறு இருந்ததற்குச் சாட்சியம் இல்லை என்று வழக்கு தள்ளுபடியானது.

வெளியே வேப்பமரத்தடியில் இருவரும் நின்றிருந்தார்கள். அவமானத்தில் எனக்குக் காது சுட்டுக்கொண்டிருந்தது.

“நான் கழுவாம வெச்சிருந்தா கெலிச்சிருப்போமா சார்?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. அந்தப் பாட்டில்தான் கெடுத்துது,” என்றேன்.

அது பொய். கழுவாத பாட்டிலைக் கொண்டுபோயிருந்தாலும், அது உங்கள் வீட்டுப் பாட்டில், அதில் நீங்கள் எதை ஊற்றினீர்களோ என்று எதிர்க்கட்சி வக்கீல் ஒரே வரியில் முடித்திருப்பார். அவருடைய இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். தோற்ற பழி என் தலையில் விழாமல் இருக்க எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அதுவரை அந்தக் கணவர் மனைவியை ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்லை. வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் அவளை நிழலில் உட்காரவைத்துவிட்டு இவர் வெயிலில் நிற்பார். நான் சொன்னதைக் கேட்டதும் அவளை ஒருமுறை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அவள் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவர் நிற்கவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். நான் கூப்பிடவில்லை.